கூடையோடு திரும்பி வந்த சிவப்புத் துணி

இந்த மாதக் கடைசியோடு நான் நம் பூக்கடையின் டெலிபோன் மேசையை விட்டு எழுந்துவிடுகிறேன். கல்யாணமாகித் தைப்பிங்குக்குப் போகிறேன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். கூடையை எப்படி அடுக்குவது, எந்தக் கடைக்கு எப்போது போன் செய்வது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே பழகிவிடும். அவற்றை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நம் முகத்தையே பார்க்காத ஒருவர் நம் பூ மட்டம் என்று பத்துப் பேருக்குத் தெரியும்படி சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மேசையை உங்களிடம் கொடுக்க மனம் வரவில்லை.

நம் வியாபாரம் ஒரு விதத்தில் விசித்திரமானது. மலைமேல் ரிங்லெட்டில் உட்கார்ந்துகொண்டு கீழே ஈப்போ நகரில் விற்கிறோம். அங்கே மாலை கட்டுகிறவர்கள் பூவைப் பார்க்காமலே போனில் கேட்கிறார்கள். நாம் அவர்களைப் பார்க்காமலே லோரியில் ஏற்றி அனுப்புகிறோம். நடுவில் போய்வருவது கூடைதான். பூவோடு போகும், காலியாகத் திரும்பும். பூ பிடிக்காவிட்டால் கடைக்காரர்கள் சிவப்புத் துணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கூடையின் பிடியில் கட்டிவிடுவார்கள். மட்டம் என்று அர்த்தம்; அந்தப் பூவுக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள்.

கட்டிய கூடை உடனே நம்மிடம் வந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. லோரி வந்து ஏற்றுகிறவரை அது ஈப்போ பாசாரில், அந்தச் சந்தைக் கூட்டத்தில், கடை வாசலிலேயே கிடக்கும். யார் தோட்டத்துப் பூ என்று தெரிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூடையில் ஒரு சாயக்குறி இருக்கிறது அல்லவா, மற்றக் கடைக்காரர்கள் துணியையும் பார்ப்பார்கள், குறியையும் பார்ப்பார்கள். பிறகு இங்கே நம் கடை முன்னால் நடைபாதையில் இறக்கும்போது ரிங்லெட்டும் ஒரு முறை பார்க்கும்.

நான் இந்தக் கடைக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். ஐந்தாம் படிவம் தேறிய கையோடு வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்தார், அம்மா கொழுந்து பறித்தாள். எனக்கு மலாயும் ஆங்கிலமும் வரும் என்பதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. லோரிக்கார அண்ணன் என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கிண்டல் என்று தெரிந்தும் எனக்கு அது பிடித்திருந்தது.

நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஓடையை ஒட்டித் தோட்டத் துரை விட்டுக்கொடுத்த துண்டு நிலம் இருந்தது. மலையில் வேலை முடிந்து வந்து லயத்துப் பெண்கள் அதில் செவ்வந்தி போட்டிருந்தார்கள். அம்மாவும் போட்டிருந்தாள். எங்கள் குறி நீல வளையம். அந்தச் சாயத்தை நான்தான் அடித்தேன். மற்றவர்களுடைய குறிகளெல்லாம் கோணல்மாணலாக இருக்கும். எங்களுடையது மட்டும் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்று இரண்டு பூச்சு அடித்தேன். அதற்கும் பின்னால் வருந்த வேண்டியிருந்தது.

அந்த வருடம் எல்லோரும் தைப்பூசத்தை நம்பி மஞ்சள் செவ்வந்தி போட்டிருந்தார்கள். தைப்பூசத்துக்கு விற்காவிட்டால் அத்தனை பூவுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. ஓடைக்கரையில் கிடந்து அழுக வேண்டியதுதான். ஈப்போவில் பாதிக் கூடைக்கு மேல் எடுக்கிறவர் ராஜம்மாள் என்ற மாலைக்கடைக்காரர். அந்த அம்மாள் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள். அவர் துணி கட்டினால் மற்றவர்களும் யோசிப்பார்கள்.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் லோரி வந்து நின்றது. கூடை எடுக்க லயத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். லோரிக்கார அண்ணன் வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல் இறங்கினார். பச்சைக்குறிக் கூடைகள், வெள்ளைக்குறிக் கூடைகள், பிறகு எங்கள் நீலம். அதன் பிடியில் சிவப்புத் துணி.

"யாரு கூடை அது?" என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"நீலம்லா. டீச்சரம்மா வூட்டுது."

"அய்யோ, படிச்சவங்க பூவையும் பெயிலாக்கிட்டாங்களா?"

சிரிப்பு எழுந்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு அல்ல. அவர்கள் கூடையில் துணி வந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அம்மா முன்னால் வந்தாள். துணியை அவிழ்க்காமல் கூடைக்குள் மடக்கி விட்டாள், வெளியே தெரியாதபடி.

நான் உள்ளே போய் நேராக ஈப்போவுக்குப் போன் செய்தேன்.

"வணக்கம்மா. மன்னிக்கணும், ரிங்லெட் பூக்கடையிலேர்ந்து பேசுறேன்."

"மன்னிச்சாச்சு. சொல்லு."

"நீலக் கூடையில துணி கட்டியிருக்கீங்க. என்ன குறைன்னு தெரிஞ்சுக்கலாங்களா?"

"பூவாடி அது? ஆட்டுக்குப் போட்டா ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்லா."

"மன்னிக்கணும்மா, அதே தோட்டத்துப் பூ ஒங்க பக்கத்துக் கடைக்கும் போச்சு. அவங்க ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப அவன்கிட்டயே வித்துக்க. நீ பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து நான் மாலை கட்டுறேன். எனக்குப் பூ சொல்லிக் குடுக்கிறியா? ஸ்கூல்ல பூப் பாடம் நடத்துனாங்களோ?"

போன் வைக்கப்பட்டது. கடையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசுவதுபோல் இன்னும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். உங்களுக்கும் ஒருநாள் இது நடக்கும். அப்போது போனைக் கீழே வைத்துவிடுங்கள். நடிப்பதில் பிரயோஜனம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

லோரிக்கார அண்ணன் மேசைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், என் பேரு வெளிய வரக்கூடாது. அந்தம்மா கடையில கல்யாண மாலையா தொங்குது. மாப்பிள வீட்டுக்காரங்க கடைசி நேரத்துல கல்யாணத்த நிறுத்திட்டாங்களாம். கட்டுன மாலைய என்ன பண்ணும் பாவம்? பூ மட்டம்னு துணியக் கட்டிட்டா நட்டம் இந்தப் பக்கம் வந்துரும்ல."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக வந்தது. நியாயம் என் பக்கம் இருக்கிறது, இனி பேசவேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். நாளைக்கு லோரியிலேயே ஈப்போவுக்குப் போய் நேரில் கேட்கப்போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போ. ஆனா சண்ட போட்டுறாத. தைப்பூசத்துக்கு அந்தம்மா எடுக்கலேன்னா நாம கடைய மூடிட்டு கோவில்ல போயி உக்காந்துக்கலாம்."

அம்மாவும் வருகிறேன் என்றாள். வயசுப் பெண் தனியாக லோரியில் போவதா என்பது அவள் சொன்ன காரணம். அன்றைய வேலையை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தாப்பா ஊருக்கு இறங்கும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அது என்னம்மா?"

"தேத்தூளு. தோட்டத்துல குடுத்தது."

"எதுக்கு?"

"வெறுங்கையோடவா போறது?"

"தப்பு அவங்க மேல. தப்பு பண்ணவங்களுக்குப் போயித் தூளு குடுப்பாங்களா?"

"எனக்குக் குடுங்கக்கா," என்றார் லோரிக்கார அண்ணன். "நான் ஒரு தப்பும் பண்ணல."

அம்மா சிரித்தாள். பையை மட்டும் விடவில்லை.

ராஜம்மாள் கடையில் லோரிக்கார அண்ணன் சொன்னபடியே மாலைகள் தொங்கிக்கொண்டிருந்தன, ஓரமெல்லாம் வாடி. அவர் பலகையில் உட்கார்ந்து பல்லில் நாரைக் கடித்தபடி மாலை கட்டிக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். விரல்கள் மட்டும் யாரோ துரத்துவதுபோல் ஓடின. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பூ பறித்த நேரம், அடுக்கிய விதம், பக்கத்துக் கடைக்கும் அதே பூதான் என்பது. குரலைத் தாழ்த்தவில்லை. நாலு பேர் கேட்கவேண்டும் என்றே பேசினேன். நாலு பேர் கேட்டார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்தது. பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, நீங்களே சொல்லுங்க, ஒங்களுக்கு வந்த பூ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் வாழையிலைக் கட்டை ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டினார். "எனக்கேன்மா வம்பு," என்றார்.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன்.

"சரிம்மா. இங்க தொங்குற மாலையெல்லாம் யாரு கல்யாணத்துக்கு?"

அந்த அம்மாளின் கை நின்றது. பல்லிலிருந்து நார் நழுவியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னும் ஒரு கணம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏனென்றால் அந்தக் கணத்தில் அம்மா என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டாள். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டுவிட்டாள். தேத்தூள் பையைப் பலகை ஓரத்தில் வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"எங்க மேலதாங்க தப்பு. பூவு சரியில்லாமப் போச்சு. மன்னிச்சிருங்கம்மா. சின்னப் புள்ள, தெரியாமப் பேசுது."

ராஜம்மாளின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். "அதான் பாத்தேன்," என்றார் நிதானமாக. பிறகு என்னையோ அம்மாவையோ பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசினார். "கேட்டீங்கல்ல? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நான் என்னமோ அநியாயமா துணி கட்டுன மாதிரி இந்தப் பொண்ணு கத்துனுச்சே." அம்மாவிடம், "பரவால்ல, போங்க. தைப்பூசத்துக்கு எடுத்துக்கிறேன். மட்டப் பூ வெலைக்குத்தான்," என்றார்.

அம்மா இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ அம்மாவின் சேலையைப் பார்த்து, "தோட்டத்து ஆளுங்களா?" என்று கேட்டார்கள். நான் அம்மாவை விட்டு நாலடி முன்னால் நடந்தேன், வேறு யாரோபோல.

திரும்பும் வழியில் தாப்பாவைத் தாண்டினோம். பிறகு, "ஏம்மா அப்படிச் சொன்ன? பூவுல என்ன குறை?" என்றேன்.

"ஒரு கொறையும் இல்ல."

"பின்ன?"

அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். "கொழுந்து நிறுக்குற எடத்துல கணக்கெழுதுற கிராணி 'முத்தல் எலை'ன்னு சொல்லி எடையக் கழிப்பாரு. முத்தல் இருக்காது. இல்லேன்னு சொல்லிக் காட்டுனா அன்னிக்கு மட்டும் கழிக்கமாட்டாரு. நாலு பேரு முன்னாடி கேட்டுட்டாளேன்னு தெனம் கழிப்பாரு. மன்னிச்சிருங்கய்யான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அதோட போச்சு. அந்தம்மா மொகத்தப் பாத்தேன், கிராணி மொகம் மாதிரியே ஆயிருச்சு. பயந்துட்டேன்."



மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்து முதல் போனை எடுத்தேன். "வணக்கம்ங்க. மன்னிக்கணும்..." என்று ஆரம்பித்தேன். நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. எதற்கு மன்னிக்கணும்? யார் என்ன செய்தார்கள்? இந்த மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு போனையும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அது நிறுவைத் தராசடியிலிருந்து வந்தது. செருப்பை நான் வாசலில் விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவை விட்டு நாலடி முன்னால் நடந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் தராசடியும் பாசாரும் ஒன்றல்ல. தராசில் கேட்ட மன்னிப்பு அந்த இடத்தோடு போய்விடும். பாசாரில் கேட்ட மன்னிப்பைக் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வாரமே பச்சைக்குறிக் கூடைகளில் துணி வந்தது, வெள்ளையில் வந்தது. நாங்கள் பார்த்தே இராத கடைக்காரர்கள் எல்லாம் கட்டினார்கள். போன் செய்தால் ஒரே பதில்: "அதான் ஒங்காளுங்களே வந்து ஒத்துக்கிட்டாங்களாமே."

கூடை எடுக்க வரும் பெண்கள் அதன்பிறகு சிரிக்கவில்லை. அம்மா வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் நேராகவே கேட்டாள்: "அக்கா, ஒங்க பூவுக்கு நீங்க மன்னிப்புக் கேட்டுக்குங்க. எங்க பூவுக்கும் சேத்து எதுக்குக் கேட்டீங்க?" அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் யோசித்தேன். ஈப்போவில் அம்மா செய்தது தப்பு என்றால் நான் செய்ததும் சரியில்லை. நாலு பேர் முன்னால் அந்தக் கல்யாண மாலையைக் கேட்டது தப்பு. ஒருவரைப் பொய்க்காரி என்று கடைத்தெருவில் நிறுத்திவிட்டால் அதன்பிறகு அவர் நம் பூவை நல்ல பூ என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் தன்னைப் பொய்க்காரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கும்பிடுவது, குற்றம் சாட்டுவது இரண்டும் இல்லாமல் ஒரு வழி வேண்டும். நீங்கள் இன்றைக்குச் சர்வ சாதாரணமாகச் செய்கிற வேலை அப்போது பிறந்ததுதான். கடைக்காரர் லோரிக்காரர் முன்னால் மூடியைத் திறந்து, மேல் பூவைத் தள்ளி அடிப் பூவைப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் அங்கேயே துணி கட்டலாம். லோரி நகர்ந்த பிறகு கட்டுகிற துணி செல்லாது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. அதை ராஜம்மாளிடம் சொல்லவேண்டிய நாள் தைப்பூசக் கூடைகள் ஏற்றுகிற நாளாக அமைந்தது. நடைபாதை முழுக்க மஞ்சள் கூடைகள். கொண்டுவந்து வைத்த பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, கடை முன்னாலேயே நின்றார்கள். அம்மா தூணை ஒட்டி நின்றாள். முதலாளி என் நாற்காலியின் பின்னால் நின்றார்.

"வணக்கம்மா. ரிங்லெட்டிலேர்ந்து பேசுறேன்," என்றேன். அதோடு நிறுத்தினேன். அந்த ஒரு சொல்லை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

விஷயத்தைச் சொன்னேன். எல்லாக் கடைக்கும் இனி இதே வழக்கம்தான், உங்களுக்கு மட்டும் அல்ல என்றும் சொன்னேன்.

"என்னைய நம்பலையா நீ?"

"நம்பிக்கைக்கு இல்லம்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

"அன்னிக்கு ஒங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு. இன்னிக்கு நீ சட்டம் பேசுறியா? எனக்கு ஒம்பூவு வேணாம்."

முதலாளி என் தோளுக்கு மேல் குனிந்தார். "ஒரு வார்த்த சொல்லிரு. வாய் என்ன வலிக்கவா போவுது?" வெளியே பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அத்தனை வீட்டுப் பூவும் என் நாக்கில் இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் இந்தத் தைப்பூசம் மட்டப் பூ விலைக்குப் போய்விடும். அடுத்த பண்டிகைக்கும் மட்டப் பூதான். அதற்கடுத்ததற்கும்.

"சரிம்மா," என்றேன். "ஒங்க கடையில கூடைய எறக்கல. ஆனா லோரி பாசாருக்கு வரும். மூடிய எல்லாம் தொறந்து வச்சிருப்போம். பிரியப்பட்டா வந்து பாருங்க."

போனை வைத்தேன். முதலாளி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார், வெகுநேரம் துடைத்தார். நான் வெளியே வந்து பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். லோரிக்கார அண்ணன்தான் முதலில் நகர்ந்தார். "ஏத்துங்கலா. நின்னு பாத்தா பூவு தானா நடந்து போவுமா?"

கூடைகள் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒங்கம்மா பூவ மட்டும் வேற கூடைக்கு மாத்திரட்டுமா? அந்த நீலத்த பாசாருக்கே தெரியும்."

அது நல்ல புத்தி. இப்போது எனக்கு அது தெரிகிறது. அப்போது எனக்குச் சுருக்கென்றது. "எங்க பூவுல குறை இல்லண்ணே. எங்க கூடையிலயே போவட்டும்." அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவள் பூ, அவள் முதுகு வலித்த பூ. எனக்காகத் தீர்மானிக்கிற எண்ணத்தில் அவளுக்காகத் தீர்மானித்துவிட்டேன். அடுத்தவர் கூடை விஷயத்தில் வீராப்புக் காட்டாதீர்கள். காட்டுவதற்கு முன்னால் கூடைக்காரரைக் கேளுங்கள்.

மறுநாள் லோரி ஈப்போ பாசாரில் மூடிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற கதையை லோரிக்கார அண்ணன் வந்து சொன்னார். முதலில் யாரும் கிட்ட வரவில்லையாம். பிறகு, எனக்கேன் வம்பு என்ற பக்கத்துக் கடைக்காரர் வந்து ஒரு கூடையின் அடிவரை கையை விட்டுப் பார்த்தாராம். எடுத்தாராம். அதைப் பார்த்து இன்னொருவர். தைப்பூச அவசரம், எல்லோருக்கும் பூ வேண்டும். கடைசியில் ராஜம்மாளே வந்தாராம். லோரிக்காரர் முன்னால் ஒவ்வொரு கூடையாகக் கிளறிப் பார்த்து, நல்ல விலைக்கே எடுத்துக்கொண்டாராம். நீலக் கூடைகள் வந்ததும் கையை எடுத்துவிட்டாராம்.

"அது மன்னிப்புக் கேட்ட கூட. அது எனக்கு வேணாம்."

அவர் வேண்டாம் என்றதை வேறு யாரும் தொடவில்லை.

ஆக அன்றைக்கு ரிங்லெட்டுக்கு மற்ற எல்லாக் கூடைகளும் காலியாகத் திரும்பி வந்தன. எந்தக் கூடையிலும் சிவப்புத் துணி இல்லை. நீல வளையக் கூடைகள் மட்டும் பூவோடு வந்தன. நான் பூசிய நீலம் தூரத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. சந்தோஷமாக வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார்கள். லோரிக்கார அண்ணன் சொன்னதை அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசி வார்த்தை வரை. நான் மேசையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கக் கால் வரவில்லை.

அம்மா கூடையை நடைபாதையின் நடுவில் இழுத்து வைத்தாள். மூடியைத் திறந்தாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு அடிப் பூவை அள்ளி மேலே கொண்டுவந்தாள். வெயிலில் வாடியிருந்தது, ஆனால் ஒரு கறுப்பு இதழ் இல்லை.

"பாருங்கடி," என்றாள். "எம் பூவுல கொறயில்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு, அக்கா, எங்க பூவுக்கும் சேத்து எதுக்குக் கேட்டீங்க என்று கேட்ட அந்தப் பெண்தான் முதலில் வந்து ஒரு கைப்பூவை எடுத்துப் பார்த்தாள். "நல்ல பூக்கா," என்றாள். "நல்ல பூ." அதற்கு விலை எதுவும் கிடையாது. பூ ஓடைக்கரைக்குத்தான் போனது.

மூடியைத் திறந்து காட்டும் வழக்கம் நிலைத்துவிட்டது. ராஜம்மாள் இப்போதும் எடுக்கிறார். போனில் அவர் கத்தினால் கத்தட்டும், "என்ன ஆச்சு, சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு முழுக்கக் காதில் வாங்குங்கள். நம் மேல் தப்பு இருந்தால் தயங்காமல் மன்னிப்புக் கேளுங்கள், தெளிவாகக் கேளுங்கள். தப்பு இல்லாத இடத்தில் அந்தச் சொல்லைச் செலவு செய்யாதீர்கள். நீங்கள் இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள், அது உங்கள் நாக்கிலும் இருக்கும். நேற்று நீங்கள் போனில் பேசியதைக் கேட்டேன்.

தைப்பூசம் கழிந்த ஒருநாள் அம்மா வேலை முடிந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, உடம்பு சரியில்லாததைச் சொல்கிறவள் மாதிரி மெல்லச் சொன்னாள்.

"இன்னிக்குக் கிராணி முத்தல்னு கழிச்சாரு."

"மன்னிப்புக் கேட்டியா?"

"இல்ல. பேசாம நின்னேன்."

"அப்புறம்?"

"கழிச்சாருதான்," என்றாள் அம்மா. "நான் கேக்கல."